கோயில், மசூதி, சர்ச்: எல்லாருக்கும் திறந்திருக்கும் வாசலைத் தாக்குதலில் இருந்து காப்பது எப்படி?

விமான நிலையத்துக்குள் டிக்கெட் இல்லாமல் நுழைய முடியாது. வங்கியின் லாக்கர் அறைக்குள் கையெழுத்துப் போடாமல் போக முடியாது. ஆனால் கோயிலுக்கோ, மசூதிக்கோ, சர்ச்சுக்கோ போகிறவரிடம் 'நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க?' என்று யாரும் கேட்பதில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதுதான் அந்த இடத்தின் அடிப்படையே.

அந்தத் திறந்த வாசலே தாக்க நினைப்பவர்களுக்கும் வசதியாகிவிடுகிறது. 2019-ம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். மார்ச் 15, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகள். ஏப்ரல் 21, இலங்கையில் மூன்று தேவாலயங்கள். அக்டோபர் 9, ஜெர்மனியின் ஹாலே நகரில் யூதர்களின் வழிபாட்டுக் கூடம். ஏழு மாதத்துக்குள் மூன்று நாடுகளில், மூன்று மதத்தினர் மீது தாக்குதல்.

கிறைஸ்ட்சர்ச்சில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். இலங்கையில், அதே நாளில் தாக்கப்பட்ட ஹோட்டல்களையும் சேர்த்து, 260-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஹாலேயில் வழிபாட்டுக் கூடத்துக்குள் இருந்த சுமார் 50 பேரும் உயிர் பிழைத்தார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஒரு வழிபாட்டுத் தலம் தன்னைக் காத்துக்கொள்ள உண்மையிலேயே என்ன செய்ய முடியும்? விரிவாகப் பார்க்கலாம்.

வழிபாட்டுத் தலங்கள் ஏன் குறிவைக்கப்படுகின்றன?

முதல் காரணம், நேரம். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு கூட்டம் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். கிறைஸ்ட்சர்ச்சில் தாக்குதல் நடந்தது வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில். இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறு காலை. ஹாலேயில், யூதர்களின் மிகப் புனிதமான நாளான யோம் கிப்பூர்.

இரண்டாவது காரணம், அங்கே மக்கள் இருக்கும் விதம். தொழுகையிலோ, ஜெபத்திலோ, சந்நிதி முன்போ நிற்பவர்களின் முதுகு பெரும்பாலும் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும். பலர் கண்ணை மூடியிருப்பார்கள். குழந்தைகளும் முதியவர்களும் அதிகம். வெளியே போக ஒன்றிரண்டு வழிதான்.

மூன்றாவது காரணம்தான் மிக ஆபத்தானது. ஒரு வழிபாட்டுத் தலத்தைத் தாக்கினால் அந்த மதத்தைச் சேர்ந்த எல்லாரும் பயப்படுவார்கள். அந்தப் பயம் கோபமாகி இன்னொரு சமூகத்தின் மீது திரும்பும். தாக்குகிறவர்கள் பல நேரங்களில் எதிர்பார்ப்பதே இந்த இரண்டாவது சுற்றைத்தான்.

இலங்கையின் வரலாற்றைப் பார்த்தால், இதில் தப்பித்த மதம் என்று எதுவும் இல்லை. 1985 மே மாதம் அனுராதபுரத்தில் பௌத்தர்கள் வழிபடும் ஸ்ரீ மகாபோதி வளாகத்தில் துப்பாக்கிச்சூடு. 1990 ஆகஸ்ட் 3-ல் காத்தான்குடி பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த 100-க்கும் மேற்பட்டோர் படுகொலை. 1995 ஜூலை 9-ல் யாழ்ப்பாணம் நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் மீது விமானக் குண்டுவீச்சு. 1998 ஜனவரி 25-ல் கண்டி தலதா மாளிகை மீது லாரி குண்டுத் தாக்குதல். போரின் தரப்புகள் வேறு வேறு. ஆனால் செத்தவர்களில் பலர் கும்பிடவோ, தஞ்சம் கேட்டோ வந்தவர்கள்.

ஈஸ்டர் தாக்குதல்: எச்சரிக்கை இருந்தும் தடுக்க முடியாமல் போனது எப்படி?

வழிபாட்டுத் தலப் பாதுகாப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மெட்டல் டிடெக்டரும் துப்பாக்கி ஏந்திய காவலரும்தான். ஆனால் பாதுகாப்பின் முதல் அடுக்கு வாசலில் இருந்து பல கிலோமீட்டர் தள்ளி, உளவுத்துறை அலுவலகத்தில் தொடங்குகிறது. இலங்கையில் முதலில் உடைந்ததும் அதுதான்.

தாக்குதலுக்கு 17 நாட்கள் முன்பே, 2019 ஏப்ரல் 4 அன்று, இந்திய உளவு அமைப்பிடம் இருந்து இலங்கைக்கு எச்சரிக்கை போனது. தேவாலயங்கள் குறிவைக்கப்படலாம், பின்னணியில் சஹ்ரான் ஹாஷிமின் குழு இருக்கிறது என்ற அளவுக்கு அந்தத் தகவல் தெளிவாக இருந்தது. ஏப்ரல் 9 அன்று அது போலீஸ் தலைமைக்குக் கடிதமாகப் போனது. ஏப்ரல் 11 அன்று போலீஸின் சில பிரிவுகளுக்கு மட்டும் சுற்றறிக்கையாகப் போனது. அதற்குப் பிறகும் 10 நாட்கள் இருந்தன.

ஏப்ரல் 16 அன்று காத்தான்குடி அருகே பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்துச் சிதறியது. அது ஒத்திகை என்பது பின்னர் தெரியவந்தது. சஹ்ரானின் தீவிரப் பேச்சு குறித்து காத்தான்குடி முஸ்லிம்களே அதற்கு முன்பு பலமுறை அதிகாரிகளிடம் புகார் சொல்லியிருந்தார்கள்.

இத்தனை இருந்தும், ஈஸ்டர் காலையில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோணியார் திருத்தலத்திலோ, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயத்திலோ, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலோ வாசலில் நின்றவர்களுக்கு எதுவும் தெரியாது. கட்டுவாப்பிட்டியில் மட்டும் 100-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

இந்த அலட்சியத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று பதில் சொன்னது. மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 7 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்த மைத்திரிபால சிறிசேன தனது சொந்தப் பணத்தில் இருந்து 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. அப்போதைய போலீஸ் மா அதிபருக்கும் அரச புலனாய்வுத் துறைத் தலைவருக்கும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளருக்கு 5 கோடி, தேசிய உளவுத்துறைத் தலைவருக்கு 1 கோடி என்று தொகையும் நிர்ணயித்தது.

அந்தத் தீர்ப்பில் இருந்து எல்லா நாடுகளுக்கும் ஒரு பாடம் உண்டு. எச்சரிக்கை ஃபைலில் இருந்தால் போதாது. பாதிரியார், இமாம், கோயில் செயல் அலுவலர் என்று வாசலுக்குப் பொறுப்பானவரின் காதுக்கு அது போய்ச் சேர வேண்டும்.

மட்டக்களப்பில் என்ன நடந்தது?

அன்று தகவல் வராவிட்டாலும், சீயோன் தேவாலயத்தில் ஒரு விஷயம் வேறு மாதிரி நடந்தது. பையோடு வந்த அறிமுகமில்லாத ஒருவரை அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவர் முற்றத்தில் நிறுத்தி விசாரித்தார். வீடியோ எடுக்க வந்ததாகப் பதில் வந்தது. அனுமதி வாங்காமல் எடுக்க முடியாது என்று சொல்லி, அவரைப் பிரார்த்தனைக் கூடத்துக்குள் விடாமல் தடுத்தார். குண்டு வெளியே வெடித்தது.

தடுத்தவர் அங்கேயே உயிரிழந்தார். ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் இருந்த குழந்தைகள் பலரும் பலியானார்கள். அது ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஆனால் உள்ளே நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். மூடிய கூடத்துக்குள் வெடித்திருந்தால் பலி எண்ணிக்கை இன்னும் பல மடங்காகியிருக்கும்.

அவர் கையில் ஆயுதம் இல்லை, ஸ்கேனர் இல்லை. புதிதாக வந்தவரைக் கவனித்தார், பேச்சுக் கொடுத்தார், பதில் பொருந்தவில்லை என்றதும் உள்ளே விடவில்லை. பாதுகாப்பு நிபுணர்கள் இன்று உலகம் முழுக்க வழிபாட்டுத் தலங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். வாசலில் ஒருவர் நின்று, வருகிறவர்களின் முகம் பார்த்து வணக்கம் சொல்லுங்கள் என்கிறார்கள். நல்லபடியாக வருகிறவருக்கு அது வரவேற்பு. கெட்ட நோக்கத்தோடு வருகிறவருக்கு, 'என்னைப் பார்த்துவிட்டார்கள்' என்ற உறுத்தல்.

ஒரு மரக்கதவு 50 பேரைக் காப்பாற்றியது எப்படி?

ஹாலேயில் தாக்குதல்காரர் துப்பாக்கிகளோடும் வெடிபொருட்களோடும் வந்தார். வழிபாட்டுக் கூடத்தின் வாசலில் அப்போது போலீஸ் காவல் இல்லை. ஆனால் மரக்கதவு உள்ளே இருந்து பூட்டப்பட்டிருந்தது. வெளியே ஒரு கேமரா, அதன் திரை உள்ளே. யார் வருகிறார்கள் என்று பார்த்த பிறகே கதவைத் திறப்பது அங்கே வழக்கம்.

உள்ளே இருந்தவர்கள் திரையில் ஆபத்தைப் பார்த்துவிட்டார்கள். கதவுக்கு முட்டுக்கொடுத்தார்கள், போலீஸுக்குப் போன் செய்தார்கள். பலமுறை சுட்டும் கதவு திறக்கவில்லை. கோபத்தில் திரும்பிய தாக்குதல்காரர், தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணையும், அருகில் ஒரு கபாப் கடையில் இருந்த இளைஞரையும் சுட்டுக்கொன்றார். கதவு உள்ளே இருந்தவர்களைக் காத்தது. தெருவில் இருந்தவர்களைக் காக்க அங்கே யாரும் இல்லை. குண்டு துளைத்த அந்தக் கதவு இன்று ஒரு நினைவுச் சின்னம்.

அப்படியென்றால் எல்லா இடத்திலும் கதவைப் பூட்டிவிட்டால் போதுமா? இல்லை. கதவுக்கு இரண்டு வேலை உண்டு. ஆபத்தை உள்ளே விடாமல் இருப்பது ஒன்று. ஆபத்து உள்ளே வந்துவிட்டால் மக்களை வேகமாக வெளியே விடுவது இன்னொன்று. கிறைஸ்ட்சர்ச்சின் அல் நூர் மசூதியில் அவசர வழிக் கதவு ஒன்று தாக்குதல் நேரத்தில் வேலை செய்ததா என்பதே பிறகு நடந்த மரண விசாரணையில் தனிக் கேள்வியாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

நம்ம ஊர் நிலைமையை இங்கே யோசித்துப் பார்க்கலாம். பக்கவாட்டுக் கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி வைப்பது, பின்வாசலைப் பூட்டிச் சாவியை வேறு எங்கோ வைப்பது எல்லாம் சகஜம். தீ விபத்துக்கும் சரி, தாக்குதலுக்கும் சரி, அதுதான் முதல் ஆபத்து. அவசர வழி வெளியே இருந்து திறக்க முடியாததாகவும், உள்ளே இருந்து சாவி இல்லாமல் ஒரே தள்ளில் திறப்பதாகவும் இருக்கணும்.

பாதுகாப்பு அடுக்குகள் என்றால் என்ன?

பெரிய கோயில்களில் மதில், கோபுர வாசல், பிரகாரம், மண்டபம் என்று ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாதுகாப்பும் அப்படித்தான் திட்டமிடப்படுகிறது. ஒரு அடுக்கு தவறினால் அடுத்தது பிடிக்கணும்.

வெளி அடுக்கு, தெரு. இங்கே பெரிய கவலை வாகனங்கள். 1998-ல் கண்டி தலதா மாளிகையை நோக்கி வந்தது வெடிகுண்டு நிரப்பிய லாரி. அதன்பிறகு மாளிகைக்கு முன்னால் உள்ள வீதியில் வாகனங்கள் செல்வது நிறுத்தப்பட்டது. கோவையில் 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் அதிகாலையில், உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு ஒரு கார் வெடித்து, அதை ஓட்டி வந்த ஜமேஷா முபின் உயிரிழந்தார். அவரது வீட்டில் வெடிபொருள் தயாரிக்கப் பயன்படும் 75 கிலோ ரசாயனங்கள் கைப்பற்றப்பட்டதாகப் போலீஸ் தெரிவித்தது. வழக்கு தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏவுக்கு மாறியது. வாசலை ஒட்டி வாகனம் நிறுத்த விடாமல் இருப்பது, கனமான கான்கிரீட் தடுப்புகள் வைப்பது போன்றவை இந்த அடுக்கில் வரும்.

நடு அடுக்கு, நுழைவாயில். பைகளைச் சோதிப்பது, கேமரா வைப்பது, வாசலில் தன்னார்வலர்களை நிறுத்துவது எல்லாம் இங்கே.

உள் அடுக்கு, கட்டடம். அவசர வழிகள், உள்ளிருந்து தாழிடக்கூடிய ஒரு அறை, முதலுதவிப் பெட்டி, எல்லாருக்கும் கேட்கும் ஒலிபெருக்கி. மைக் பிடிப்பவர் நிதானமாக 'இந்தப் பக்கம் வெளியே போங்க' என்று சொன்னாலே நெரிசல் சாவுகளைத் தவிர்க்கலாம்.

துப்பாக்கிக் காவலும் ஸ்கேனரும் இருந்தால் போதாதா?

சில இடங்களில் அவை கட்டாயம் தேவை. குஜராத்தின் காந்திநகரில் அக்ஷர்தாம் கோயிலில் 2002 செப்டம்பர் 24 அன்று நடந்த தாக்குதலில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஆனால் அயோத்தியில் 2005 ஜூலை 5 அன்று ஆயுதங்களோடு நுழைந்தவர்களை, அங்கே நிறுத்தப்பட்டிருந்த சிஆர்பிஎஃப் படையினர் உள்ளே போகவிடாமல் சுட்டு வீழ்த்தினார்கள். மிரட்டல் அதிகமுள்ள பெரிய தலங்களுக்கு ஆயுதக் காவல் பயன் தரும் என்பதற்கு அது உதாரணம்.

அதன் எல்லைக்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. பாகிஸ்தானின் பெஷாவரில் 2023 ஜனவரி 30 அன்று தாக்கப்பட்ட மசூதி, போலீஸ் தலைமையகம் இருக்கும் பலத்த காவல் வளாகத்துக்குள்ளேயே இருந்தது. 80-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள், பெரும்பாலானோர் போலீஸார். குண்டோடு வந்தவர் போலீஸ் சீருடையில் இருந்ததால் வாசலில் அவரைச் சோதிக்கவில்லை என்று அந்த மாகாணப் போலீஸ் தலைவரே சொன்னார். சுவரும் துப்பாக்கியும் இருந்தன. 'நம்ம ஆள்தானே' என்ற ஒரு நொடி எல்லாவற்றையும் செல்லாததாக்கிவிட்டது.

மெட்டல் டிடெக்டர் விஷயத்திலும் இப்படித்தான். அது பீப் சத்தம் போடும், அவ்வளவுதான். சத்தம் வந்தபிறகு நிறுத்திப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். திருவிழா நாளில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் வரும்போது எல்லாருக்கும் பீப் அடிக்கும், யாரையும் யாரும் பார்க்க மாட்டார்கள். சோதனை மெதுவானால் வாசலுக்கு வெளியே நீண்ட வரிசை நிற்கும். அந்தக் கூட்டமே புதிய இலக்காகிவிடும். எனவே கருவி வாங்குவதற்கு முன்னால், அதை யார் பார்ப்பார்கள், எத்தனை வரிசை தேவை என்று கணக்குப் போட வேண்டும்.

பயிற்சி உயிரைக் காப்பாற்றுமா?

காப்பாற்றியிருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 2018 அக்டோபர் 27 அன்று யூத வழிபாட்டுக் கூடத்தில் 11 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமையில் மதக் கட்டுப்பாடு காரணமாகப் பலர் செல்போனைத் தொட மாட்டார்கள். ஆனால் அதற்கு முன்பு நடந்த பாதுகாப்புப் பயிற்சியில், அவசரத்துக்கு ஒருவரிடமாவது போன் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. அதைக் கேட்டு அங்குள்ள ரபி, அதாவது மதகுரு, சனிக்கிழமையிலும் போனை உடன் வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். தாக்குதலின்போது அந்த போனில் இருந்துதான் அவசர எண்ணுக்கு அழைத்தார்.

2022 ஜனவரி 15 அன்று டெக்சாஸ் மாகாணத்தின் கோலிவில்லில் நடந்தது இன்னொரு அனுபவம். குளிரில் நடுங்கியபடி வந்த ஒருவரை வழிபாட்டுக் கூடத்துக்குள் வரவேற்று, ரபி தேநீர் போட்டுக் கொடுத்தார். அந்த நபர் பிறகு துப்பாக்கியை எடுத்து, ரபி உட்பட 4 பேரைப் பிணைக் கைதிகளாக்கினார். ஒருவர் இடையில் விடுவிக்கப்பட்டார். பல மணி நேரம் கழித்து, சரியான தருணம் பார்த்து ரபி ஒரு நாற்காலியைத் தூக்கி அந்த நபர் மீது எறிய, மீதி மூவரும் வெளியே ஓடித் தப்பினார்கள். முன்பு எடுத்த பயிற்சிதான் காரணம் என்று அவர் பின்னர் சொன்னார்.

அந்தப் பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? சாராம்சம் எளிது. வெளியே ஓட வழி இருந்தால் உடனே ஓடுங்கள், செருப்பையும் பையையும் தேடாதீர்கள். ஓட முடியாவிட்டால் ஒளியுங்கள், கதவைத் தாழிடுங்கள், போனை சைலன்ட்டில் போடுங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் போலீஸுக்குச் சொல்லுங்கள். எதிர்ப்பது, வேறு வழியே இல்லாதபோது மட்டும் கடைசி முயற்சி. போலீஸ் வரும்போது கைகளை வெறுமையாக, அவர்கள் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரைச் சந்தேகப்படுவது?

இங்கேதான் பெரிய சிக்கல். ஆடை, தாடி, தோல் நிறம், பேச்சு வழக்கு பார்த்துச் சந்தேகப்படத் தொடங்கினால், வழிபாட்டுத் தலம் தன் இயல்பை இழந்துவிடும். அதோடு, ஆபத்தையும் தவறவிடும். 2015 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் 9 பேரைச் சுட்டுக்கொன்ற இளைஞர், அதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து பைபிள் வகுப்பில் கலந்துகொண்டவர். பெஷாவரில் வந்தவர் போட்டிருந்தது போலீஸ் உடை.

ஆளைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்க வேண்டும் என்கிறது பாதுகாப்பு வழிகாட்டுதல். வழிபாட்டில் ஈடுபடாமல் வாசல்களையும் கேமராக்களையும் படம் எடுப்பது, காவலர் எப்போது மாறுவார் என்று விசாரிப்பது, பருவத்துக்குப் பொருந்தாத கனமான ஆடை, பையை வைத்துவிட்டு நகர்வது, எளிய கேள்விக்கும் பதில் சொல்லத் தடுமாறுவது போன்றவை கவனிக்க வேண்டியவை. இவற்றில் ஒன்று இருந்தாலே குற்றவாளி என்று அர்த்தம் இல்லை. 'ஏதாவது உதவி வேணுமா?' என்று போய்க் கேட்கலாம் என்று மட்டுமே அர்த்தம்.

ஒரு சமூகத்தையே சந்தேகப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் இலங்கை காட்டியது. ஈஸ்டர் தாக்குதல் நடந்து மூன்றே வாரத்தில், 2019 மே மாதம், சிலாபம், குளியாப்பிட்டி, மினுவாங்கொடை பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன, ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். சஹ்ரானைப் பற்றி முன்கூட்டியே புகார் சொன்ன அதே சமூகம்தான் அடி வாங்கியது. அடுத்த முறை ஒரு தகவலைச் சொல்ல அவர்களுக்கு எப்படித் தைரியம் வரும்? அக்கம்பக்கத்து மதத்தினரோடு நல்ல உறவு என்பது வெறும் நல்லெண்ணப் பேச்சு மட்டும் இல்லை, அதுவும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான்.

அரசுகள் என்ன செய்கின்றன?

கிறைஸ்ட்சர்ச் தாக்குதலுக்குப் பிறகு ஒரே மாதத்துக்குள் நியூசிலாந்து நாடாளுமன்றம், பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஆதரவாக 119 வாக்குகள், எதிராக ஒன்று. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மிரட்டலுக்கு உள்ளாகும் வழிபாட்டுத் தலங்கள் கேமரா, வேலி, காவலர் போன்றவற்றுக்கு அரசிடம் நிதி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பிரிட்டன் 2025 ஏப்ரலில் 'மார்ட்டின் சட்டம்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 2017 மான்செஸ்டர் அரங்குத் தாக்குதலில் பலியான 22 பேரில் ஒருவரான மார்ட்டின் ஹெட்டின் பெயரில் அழைக்கப்படும் சட்டம் இது. 200 அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடும் இடங்கள், தாக்குதல் வந்தால் எப்படி வெளியேறுவது, எப்படிக் கதவடைப்பது, எப்படித் தகவல் சொல்வது என்று திட்டம் வைத்திருக்க வேண்டும். நடைமுறைக்கு வர குறைந்தது 24 மாத அவகாசம். 800 அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடும் இடங்களுக்குக் கடுமையான விதிகள் உண்டு. ஆனால் வழிபாட்டுத் தலங்கள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எளிய பிரிவில்தான் வரும். அவற்றை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், திறந்த வாசல் அவற்றின் இயல்பு என்பதால்தான் இந்தச் சலுகை.

இந்தியாவில் சட்டம் ஒழுங்கு மாநில அரசின் பொறுப்பு. எனவே கோயில், மசூதி, சர்ச் பாதுகாப்பு முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தின் கையில். பலருக்குத் தெரியாத ஒரு மத்தியச் சட்டமும் இருக்கிறது. மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, வழிபாட்டுத் தலத்துக்குள் ஆயுதம் பதுக்கக்கூடாது. அப்படி நடந்தால் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டியது நிர்வாகியின் கடமை.

சிறிய கோயிலோ, சர்ச்சோ, பள்ளிவாசலோ உடனே செய்யக்கூடியது என்ன?

லட்சக்கணக்கில் செலவு செய்ய எல்லாராலும் முடியாது. ஆனால் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணமே தேவையில்லை.

• ஒவ்வொரு வழிபாட்டின்போதும் வாசலில் இருவர் நிற்கட்டும். உள்ளூர் முகங்கள் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. வழிபாடு தொடங்கிய பிறகும் ஒருவர் அங்கேயே இருக்கணும்.

• எல்லா அவசர வழிகளையும் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். தடையாக இருக்கும் சாமான்களை எடுத்துவிடுங்கள்.

• பகுதிக் காவல் நிலைய ஆய்வாளரை நேரில் சந்தித்து, திருவிழா தேதிகளையும் கூட்டம் கூடும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். மிரட்டல் தகவல் வந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரு பெயரையும் எண்ணையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

• ஆபத்து வந்தால் யார் போலீஸுக்கு அழைப்பது, யார் மைக்கில் பேசுவது, யார் குழந்தைகளை அழைத்துப் போவது என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

• சிசிடிவி வைத்திருந்தால், பதிவாகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். நடந்தபிறகு பார்ப்பதற்கு மட்டும் கேமரா என்றால் அது துப்புத் துலக்க உதவும், தடுக்க உதவாது.

• கேட்பாரற்றுக் கிடக்கும் பையைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். மக்களை விலக்கிவிட்டு, போலீஸுக்குச் சொல்லுங்கள்.

வெடிகுண்டு மிரட்டல் வந்தால்?

போனிலோ, இமெயிலிலோ வரும் மிரட்டல்களில் பல புரளிகள்தான். ஆனால் எது புரளி என்று முடிவு செய்யும் வேலை போலீஸுக்கு உரியது, நிர்வாகிக்கு இல்லை. போனில் வந்தால் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். நேரம், எண், பின்னணிச் சத்தம் எதையும் விடாதீர்கள். இமெயிலாக இருந்தால் அழிக்காதீர்கள். தமிழ்நாட்டில் 100 அல்லது 112, இலங்கையில் 119 என்ற எண்ணை அழையுங்கள்.

பக்தர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மிரட்டல் செய்தியை வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு செய்தால் பயமும் வதந்தியும்தான் பரவும். எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்று யூகித்து எழுதினால், மிரட்டியவர் ஒரு பைசா செலவில்லாமல் ஜெயித்துவிடுவார்.

நூறு சதவீதப் பாதுகாப்பு சாத்தியமா?

இல்லை. 2025 அக்டோபர் 2 அன்று, மீண்டும் ஒரு யோம் கிப்பூர் நாளில், பிரிட்டனின் மான்செஸ்டரில் யூத வழிபாட்டுக் கூடத்தைத் தாக்க வந்தவரை உள்ளே விடாமல் மக்கள் கதவைப் பிடித்துத் தடுத்தார்கள். முதல் அழைப்பு போன 7 நிமிடத்தில் போலீஸ் அவரைச் சுட்டு வீழ்த்தியது. பயிற்சி, கதவு, வேகமான போலீஸ் எல்லாமே வேலை செய்தன. அப்படியும் இரண்டு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் உயிரிழந்தது போலீஸின் குண்டு பட்டு.

எனவே, இந்த ஏற்பாடுகள் ஆபத்தை முழுசா ஒழித்துவிடாது. தாக்குவதைக் கடினமாக்கும், இழப்பைக் குறைக்கும். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு இலங்கையில் கத்தோலிக்க தேவாலயங்களில் ஞாயிறு திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. அடுத்த ஞாயிறு கர்தினால் மால்கம் ரஞ்சித் தன் இல்லத்தில் நடத்திய திருப்பலியை மக்கள் வீட்டில் இருந்து டிவியில் பார்த்தார்கள். கொழும்பில் தேவாலயக் கதவுகள் ஞாயிறு வழிபாட்டுக்கு மீண்டும் திறந்தது மே 12 அன்று, ராணுவக் காவலோடும் பைச் சோதனையோடும். வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டுவது யாருக்கும் பிடித்த வேலை இல்லைதான். ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்து கும்பிடுவதைவிட அதுவே மேல் என்று வந்தவர்கள் நினைத்தார்கள்.